முன்கூட்டிப் போட்ட மாலை

1

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பொன்னாடை உறை பிரிக்காமல் கிடக்கிறது. சிவப்புக் கரை, ஓரத்தில் ஜரிகை. ஜூன் மாதம் சூரிச்சில் ஒரு தமிழ்க் கடையில் வாங்கினேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வாங்கியதில்லை. இந்த ஊர்ச் சபைத் தலைவருக்காக வாங்கியது. அவர் பெயர் வால்டர். பகலில் தச்சு வேலை செய்கிறவர். சபைத் தலைமை அவருக்கு மாலை நேரத்து வேலை.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். பக்கத்து ஊரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கடைசிப் பாத்திரத்தைக் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்தால் கடைசி பஸ் நிற்கும். போன வருடம் அந்தக் கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏறுவதற்கு ஆள் இல்லை, நட்டம் என்றார்கள். அதன் பிறகு நடந்தேன். இலங்கைத் தேயிலை மலைகளில், கொஸ்லந்தையில் பிறந்தவனுக்கு மேட்டில் நடப்பது ஒரு பொருட்டில்லை. உறைபனியில் நடப்பதுதான் புதிது. இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவினேன். பஸ் இல்லையென்றால் இல்லைதான். அதை நிறுத்தியது யார், திரும்பக் கேட்க முடியுமா என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

யோசனை வந்தது மேல்மாடியில் இருக்கும் ரோசா கெல்லர் அம்மாவுக்கு. என் வயதுதான் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் பக்கத்து ஊரில் ஒரு பாட்டுக் குழுவோடு பழகிவிட்டு வர அவருக்கும் அந்த பஸ்தான் வேண்டும். ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக மணியடித்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. எனக்கு வாக்கு இல்லை" என்றேன்.

"இது வாக்கு இல்லை. விண்ணப்பம். மூச்சு விடுகிற யாரும் கையெழுத்துப் போடலாம்" என்றார்.

போட்டேன். போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. எங்கள் தோட்டத்தில் அப்பா ஒரு முறை தண்ணீர்க் குழாய் கேட்டு மகஜரில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில், அவர் பெயரை மட்டும் உரக்கக் கூப்பிட்டுத் தூரத்து மலைக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் முழுக்க அவருக்குத் தூரத்து மலைதான். மகஜர் என்றால் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. வாக்கு உள்ளவர்கள் நடுவில் உட்கார்ந்தார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சுவரோரம் தனி நாற்காலி. கெல்லர் அம்மா எழுந்து பேசினார். சத்தம் போடவில்லை, யாரையும் புகழவும் இல்லை. வால்டர் ஏதோ விளக்கம் சொன்னார். கெல்லர் அம்மா அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். டிசம்பரில் புதிய கால அட்டவணையோடு பஸ் திரும்ப ஓடும் என்று முடிவானது.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்த வாரமே சூரிச்சுக்குப் போய்ப் பொன்னாடை வாங்கினேன். செவ்வாய்க்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு சபை அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். படிக்கட்டில் கெல்லர் அம்மா எதிரே வந்தார்.

"இது என்ன?"

"தலைவருக்கு. எங்கள் ஊர் மரியாதை."

"எதற்கு?"

"பஸ் கொடுத்தாரே."

"பஸ் வந்துவிட்டதா?"

"டிசம்பரில் வரும் என்றார்களே."

"அப்படியானால் டிசம்பர் வரட்டும். இப்போதே நன்றி சொல்லிவிட்டால் நடுவில் சாக்குச் சொல்ல அவருக்கு வசதியாகப் போகும். நான் வால்டரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்குத் தெரியும்."

என் மகள் மதுஷா பின்னால் நின்று சிரித்தாள். அவள் பிறந்தது இங்கே. தமிழ் படித்தது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில். அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதனால் மலையகத்து அப்பனுக்கும் அம்மாவுக்கும் பிறந்த பிள்ளை வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள்.

"அப்பா, அந்தாள் உந்தப் பொன்னாடையைத் தோளில போட்டுக்கொண்டோ மரம் அரியப் போறது?" என்று கேட்டாள்.

திரும்பி வந்து பொன்னாடையை அலுமாரியில் வைத்தேன். வெட்கமாக இல்லை. கோபமாக இருந்தது. கெல்லர் அம்மா மேலும் இல்லை, மகள் மேலும் இல்லை. எங்கள் தோட்டத்தில் போட்ட இன்னொரு மாலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

2

என் தங்கை ராஜேஸ்வரி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். நாங்கள் பிறந்த அதே லயத்தில் இருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகளில் அவளுக்கு ஒன்று. அவள், முதுகு வலியோடு வேலைக்குப் போய்வரும் புருஷன், உயர்தரம் படிக்கும் மகள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொழும்பு, கட்டார், சைப்பிரஸ், இத்தாலி என்று கிடைத்த இடமெல்லாம் சுற்றி இங்கே வந்து ஒதுங்கினவன். அவள் எங்கும் போகவில்லை. அவளைத் தேடி மலைதான் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விட்டது. மண்ணை ஆராய்கிற அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். குழி தோண்டினார்கள், அளந்தார்கள். இங்கே குடியிருப்பது உகந்ததல்ல என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கே குடியிருப்பது உகந்தது என்று அதில் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மழை பிடித்தால் லயத்து ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். மழை விட்டால் திரும்பி வருவார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் ஊவா மலைகளில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது எத்தனை போக்குவரத்து என்று புரியும். அவர்கள் பள்ளியில் இருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. அதிபர் முறைப்பார். போக வேறு இடமில்லை.

வெடிப்பு விட்டபின் ஊருக்குப் பலர் வந்தார்கள். வெளிநாட்டு உதவி பெறும் அமைப்புகள் வெள்ளைத் தாளும் கலர் பேனையும் கொண்டு வந்தன. பெண்களை வட்டமாக உட்காரவைத்து, உங்கள் கிராமத்தின் படத்தை வரையுங்கள் என்றார்கள். பணிஸும் தேநீரும் கொடுத்தார்கள். கடைசியில் தலைமைத்துவப் பயிற்சிச் சான்றிதழ். ராஜேஸ்வரியிடம் அப்படி மூன்று இருக்கின்றன. மூன்றையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

"அதுல ஒண்ணு இப்ப கோணலா தொங்குது அண்ணே" என்று ஒரு நாள் போனில் சொன்னாள்.

"ஆணியை மாத்தி அடி."

"ஆணி நேராத்தான் இருக்கு. செவரு நகந்திருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் மலை. சுவருக்கு முன்னால் என் தங்கை மகள் படிக்கிற மேசை.

3

வேறு இடம் கேட்டு அலைந்ததில் ஒரு வழி தெரிந்தது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் தேயிலை கைவிட்டுப் புல் மண்டிக் கிடக்கும் ஒரு மலை இருக்கிறது. மேட்டில் இருந்தாலும் அங்கே நிலம் உறுதி என்று அதிகாரிகளே சொன்னார்கள். அதைப் பிரித்துக் கொடுத்தால் லயத்தில் உள்ள எல்லாருக்கும் வீடு கட்டலாம்.

கேட்கிற பொறுப்பைத் தலைவர் சுப்பையா எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கம் தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டப் பொறுப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வான் பிடித்துக் கொடுப்பார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். அவர் கேட்கக் கற்றுக்கொண்ட முறை ஒன்றுதான். எங்கள் தாத்தா காலத்தில் துரையிடம் ஏதாவது கேட்கப் போனால் தட்டில் வெற்றிலை வைத்து, மாலை போட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் கேட்பார்கள். வெறுங்கையோடு கேட்டால் அது திமிர். துரை போய்விட்டார். கேட்கிற முறை போகவில்லை.

"மாலையைப் போட்டுட்டா மனுசனுக்கு ஒரு வெக்கம் வந்துரும். அப்புறம் இல்லைன்னு சொல்ல வாய் வராது" என்பார் சுப்பையா.

அப்படித்தான் ஒரு தை மாதம் எம்பி ஐயா வந்தார். மேல் டிவிஷனில் அடிக்கல் நாட்டினார். தப்பு அடித்தார்கள். மாலை, பொன்னாடை, ஆரத்தி எல்லாம் நடந்தன. வீட்டுத் திட்டத்தைப் பெற்றுத் தந்த ஐயாவுக்கு நன்றி என்று சந்தியில் பெரிய பதாகை கட்டினார்கள். பேப்பரில் படம் வந்தது. ராஜேஸ்வரி அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினாள். நான் அதை இங்கே நாலு பேருக்குக் காட்டினேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடப்பட்ட கல் இருந்த இடத்தில் இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அதில் உட்கார்ந்தார்கள்.

மூன்று மழை போனபின் நிரோஷா என்ற பெண் வந்தாள். பதுளைக்காரி, லயத்தில் வளர்ந்தவள்தான், சட்டம் படித்தவள். பண்டாரவளையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் சின்ன அறையெடுத்து, இன்னும் இரண்டு பேரோடு காணி விஷயங்களைப் பார்க்கிறாள். வெள்ளைத் தாளும் கொண்டுவரவில்லை, பணிஸும் கொண்டுவரவில்லை. அதனால் முதலில் யாரும் அவளைப் பெரிதாக மதிக்கவில்லை. அவள் ராஜேஸ்வரியையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பதுளையில் ஓர் அலுவலகத்துக்குப் போனாள். வீட்டுத் திட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கத்தான்.

அங்கே இருந்த அலுவலர் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையாக உட்காரச் சொன்னார். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"உங்கட தோட்டத்துக்கு வீடு குடுத்தாச்செல்லோ? பேப்பரில பாத்தனான்" என்றார். போனைத் தட்டி அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "இதில ஆரத்தித் தட்டோட நிக்கிறது நீங்கள்தானே அம்மா?"

"ஆமாங்க" என்றாள் ராஜேஸ்வரி.

அவர் பொய் சொல்லவில்லை. கேலியும் செய்யவில்லை. இன்னும் ஒன்றும் கிடைக்காத தோட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன, முதலில் அவர்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தார். எங்கள் ஆட்கள் தங்கள் கையாலேயே தங்களை வீடு கிடைத்தவர்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அப்புத்தளையில் பஸ் முழுக்க மூடுபனி. பெரகலையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் நிரோஷா வாயைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, அந்த மலை எம்பி வீட்டு மலை இல்ல. அரசாங்கத்துக் காணி. குத்தகைக்குக் கம்பெனி வச்சிருக்கு. கம்பெனி விட்டுத் தரணும், அமைச்சு ஒத்துக்கணும், அப்புறம்தான் அளக்க வருவாங்க. இதுல எம்பிக்கு இருக்கிற வேலை, அந்த ரெண்டு எடத்துலயும் போய்த் தட்டுறதுதான். நீங்க தட்டுறதுக்கு முன்னாடியே கூலியக் குடுத்துட்டீங்க."

"இப்ப என்னா செய்யிறது?"

"யாரு வந்தாலும் மூணே கேள்வி. எந்த எடம், யாரு கையெழுத்து, எந்தத் தேதிக்குள்ள. பதில் வர்ற வரைக்கும் வேற ஒண்ணும் பேசாதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா கஷ்டமா இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு வாய் சும்மா இருக்காது, ஐயா நல்லா இருக்கணும்னு வந்துரும்."

4

அந்த நாட்களில் நானும் இங்கிருந்து ஏதாவது செய்யலாம் என்று பார்த்தேன். இங்கே எங்கள் மாகாணத்தில் ஒரு தமிழர் சங்கம் இருக்கிறது. அவர்கள் ஜெனீவாவுக்குப் போன ஊர்வலங்களில் நானும் பதாகை தூக்கியிருக்கிறேன். குளிரில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் செயலாளரிடம் போய் லயத்துக் கதையைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார்.

"அண்ணை, அது தொழிற்சங்க விசயம். நாங்கள் அதுக்குள்ள கை வைக்கேலாது. உங்கட ஆக்களுக்கெண்டு அங்க கட்சியள் இருக்குத்தானே" என்றார்.

இருக்கின்றன. அதுதானே பிரச்சினை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தேன். பிறகு இலங்கைத் தூதரகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. உரிய பிரிவு எது என்று கேட்டேன். அதற்கும் உரிய பிரிவிடமிருந்து பதில் வரும் என்றார்கள்.

இந்த ஊரைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது புளுகு. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸுக்காகக் கை தூக்கிய அதே மண்டபத்தைச் சில வருடங்களுக்கு முன் நாங்கள் சரஸ்வதி பூசைக்குக் கேட்டோம். அன்றைக்கும் கை தூக்கித்தான் இல்லையென்றார்கள். கெல்லர் அம்மா அன்றைக்கு எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று நான் கேட்டதில்லை. என் பிரஜாவுரிமை மனு இன்னும் முடியவில்லை. போன முறை விசாரணைக் குழுவில் என்னை ஊர்ச் சபையின் அதிகாரங்கள் என்னவென்று கேட்டார்கள். பதற்றத்தில் பாதி ஜெர்மனும் பாதி இத்தாலியனுமாகப் பதில் சொன்னேன். மொழியைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மதுஷாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அடுத்த வருடம் அவளுக்கு வாக்கு வந்துவிடும் போலிருக்கிறது. அவள் மண்டபத்தின் நடுவில் உட்காருவாள். நான் சுவரோரம் இருந்து பார்ப்பேன்.

ஆனாலும் படிக்கட்டில் கெல்லர் அம்மா சொன்னது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையே ராஜேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். ஆடித் திருவிழா வருகிறது, எம்பி ஐயா திரும்பவும் வருகிறார், சுப்பையா மாலைக்குச் சொல்லிவிட்டார் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் அறிவே வராதா? இங்க ஒரு அம்மா பஸ்ஸு வர்ற வரைக்கும் நன்றிகூட சொல்லக் கூடாதுங்குது. நீங்க என்னடான்னா ஏமாத்தினவனுக்கே ரெண்டாம் மாலை போடுறீங்க."

"அண்ணே, ஒன்னோட பஸ்ஸு வரலைன்னா நீ நடப்ப" என்றாள் ராஜேஸ்வரி. "எங்க மலை வந்தா நாங்க எங்க நடக்கிறது? அந்தம்மா கேள்வி கேட்டா யாரு அவங்கள தூரத்து மலைக்கு அனுப்புறா? நீ நாட்டை விட்டுப் போயி பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, இங்க எங்களுக்குக் கிளாஸ் எடுக்கிறியா?"

அவள் வீட்டுக்குள் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"மாலை போடுறதா இல்லைண்ணே" என்றாள் பிறகு. குரல் இறங்கியிருந்தது. "பொம்பளைங்க நாங்க பேசி முடிச்சிட்டோம். மாரியாத்தாளுக்கே நாங்க காரியம் முடிஞ்சாத்தான் மாவிளக்கு வைக்கிறோம். ஆத்தாளே பொறுத்துக்கிறா. இவருக்கு மட்டும் என்னா முன்கூட்டி?"

இத்தனை வருடம் இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். காய்ச்சல் விட்டபின்தான் முடிச்சை அவிழ்த்து நேர்த்தியைச் செலுத்துவார்கள். தெய்வத்தோடு இவ்வளவு கறாராக நடக்கிற ஜனம், தேர்தலுக்கு வருகிறவரிடம் மட்டும் முதலிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தது.

5

ஆடித் திருவிழாவுக்கு முன் வெள்ளிக்கிழமை லயத்துப் பெண்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியம்மன் சன்னதிக் கம்பியில் கட்டினார்கள். வீடு வந்தால் எம்பி ஐயாவுக்கு மாலை போடுகிறோம் என்பது வேண்டுதல். சுப்பையாவுக்குச் செய்தி போனதும் ஓடிவந்தார்.

"ஐயா வர்றப்ப கழுத்து வெறுமனே நின்னா தோட்டத்துக்கே அசிங்கம்ல?"

"மாலை இருக்கு தலைவரே. கோயில்ல முடிஞ்சு வச்சிருக்கோம்" என்றார்கள் பெண்கள்.

"சாமிக்கு நேர்றது வேற, மனுசனுக்கு நேர்றது வேற."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். சாமி கேக்காமலே செய்யும், மனுசன் கேட்டாத்தான் செய்வான்."

திருவிழா அன்று நடந்ததைத் தங்கை மகள் போனில் படம் பிடித்து அனுப்பினாள். நான் அதைப் பல முறை பார்த்துவிட்டேன். எம்பி ஐயா வாகனத்திலிருந்து இறங்குகிறார். தப்பு அடிக்கிறார்கள், அதில் குறையில்லை. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ராஜேஸ்வரி முன்னால் வருகிறாள். அவர் பழக்கத்தில் தலையைக் குனிகிறார். மாலை வரவில்லை. குனிந்த தலை அப்படியே ஒரு கணம் நிற்கிறது. பிறகு மெதுவாக நிமிர்கிறார்.

"வாங்கய்யா" என்கிறாள் ராஜேஸ்வரி. "மாலைய ஒங்க பேருல நேர்ந்து வச்சிருக்கோம். வீடு வந்தன்னைக்குப் போடுறோம்."

"என்னம்மா, எனக்கே நேத்தியா? நான் உயிரோடதானே இருக்கேன்" என்று அவர் சிரிக்கிறார். சுற்றியிருந்தவர்களும் சிரிக்கிறார்கள்.

"அதனாலதான் ஐயா ஒங்ககிட்ட கேக்க முடியிது. எந்த எடம்னு எங்களுக்குத் தெரியும். யாரு கையெழுத்து பாக்கி இருக்கு, எந்தத் தேதிக்குள்ள வாங்கித் தருவீங்க?"

"பாக்குறேன்மா. கண்டிப்பா பாக்குறேன்."

"பாக்குறத விடுங்கய்யா. தேதி சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அடியே, மரியாதையா பேசு" என்கிறார். ராஜேஸ்வரி திரும்பவில்லை. கைகூப்பி நிற்கிறாள். கேள்வியை இன்னொரு முறை கேட்கிறாள், அதே வார்த்தைகளில். கெல்லர் அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. எம்பி ஐயா பக்கத்தில் நின்ற செயலாளரிடம் ஏதோ எரிச்சலாகச் சொல்கிறார். செயலாளர் போனை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறார். படம் அங்கே முடிகிறது.

ஐயா அன்னதானத்துக்கு இருக்கவில்லை. சுப்பையா தங்கையோடு ஆவணி முழுக்கப் பேசவில்லை. ஆனால் செய்தி மலைக்கு மலை பரவியது. அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலும் அவர் குனிந்தபோது மாலை வரவில்லையாம். அங்கே கேட்டது பாதைக்கு. எல்ல என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்திலும் அப்படியே நடந்ததாக ஒரு கதை. அது உண்மையா என்று தெரியாது.

புரட்டாசி கடைசியில் நில அளவைக்காரர்கள் மேல் டிவிஷனுக்கு வந்தார்கள். புல்லை வெட்டினார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை அடித்து, மனை மனையாகப் பிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எதனால் வந்தார்கள்? வெறுங்கழுத்து உறுத்தியதா? நிரோஷா சிங்களத்தில் எழுதி எழுதி அனுப்பியதா? பதுளை அலுவலர் தன் தவறை உணர்ந்து யாரிடமாவது சொன்னாரா? அடுத்த தேர்தல் நெருங்குகிறதா? யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வேலையில் இருக்கிற பெரிய எரிச்சலே இதுதான். எந்த அடியில் கதவு திறந்தது என்று தெரிந்தால் அடுத்த முறை அந்த இடத்தில் மட்டும் தட்டலாம். தெரியாததால் எல்லா இடத்திலும் தட்ட வேண்டியிருக்கிறது.

குச்சி அடித்த அன்று சுப்பையா ஒரு மாலையோடு அளவைக்காரரைத் தேடி மேட்டில் ஏறிப் போனாராம். மனிதருக்குக் கை சும்மா இருக்காது. பெண்கள் பாதி வழியில் மறித்து மாலையை வாங்கி, நேரே கொண்டுபோய் மாரியம்மன் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

6

இந்த வாரம் எங்கள் கடைசி பஸ் வந்தது. டிசம்பர் என்றார்கள், டிசம்பரில் வந்துவிட்டது. வேலை முடிந்து ஏறினேன். கெல்லர் அம்மா பாட்டு முடிந்து முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் தவிர உள்ளே யாரும் இல்லை.

"இப்போது கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவருக்கு உடனே விளங்கியது. காலியான இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு குளிர்காலம் ஓடட்டும்" என்றார்.

மறுநாள் வேலைக்குப் புறப்படும்போது ராஜேஸ்வரி போன் எடுத்தாள். பின்னால் தகரத்தில் மழை விழுகிற சத்தம். அவள் குரலையே விழுங்கிவிடும் போலிருந்தது. மூன்று நாட்களாக விடவில்லையாம். பாயையும் மகளின் புத்தகங்களையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டிருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். சான்றிதழ்களை இந்த முறை சுவரிலேயே விட்டுப் போகிறாளாம். திரும்பி வரும்போது எது எப்படித் தொங்குகிறது என்று பார்க்கத்தான்.

"கம்பெனிக் கடிதம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. அடுத்த மாசம்ங்கிறாங்க. நிரோஷா எந்தத் தேதின்னு கேட்டு எழுதியிருக்கு."

"குச்சியெல்லாம்?"

"நிக்கிது. மழையில ரெண்டு சாஞ்சிருச்சு, நாங்களே போயி நட்டுட்டு வந்தோம்."

எம்பி ஐயா தரப்பிலிருந்து யாராவது பேசினார்களா என்று கேட்டேன்.

"அவரு செயலாளரு போன் பண்ணுனாரு. குச்சி அடிச்சாச்சே, இன்னும் மாலை போடலையான்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"மாலைக்குப் பூ இன்னும் செடியிலதான் இருக்குன்னேன்" என்றாள். "சரிண்ணே, மழை வலுக்குது. நான் கதவைச் சாத்தணும்."